கோழி கர்கரென்று மூச்சு விடுகிறது, அடுத்து என்ன மருந்து?

கேள்வியின் சாரம் இது. வீட்டுக் கொல்லையில் பதினைந்து நாட்டுக்கோழிகள். சந்தையில் ஒரு சேவலை வாங்கி வந்து நேரடியாகக் கூட்டத்தில் விட்டிருக்கிறீர்கள். ஒரு வாரத்தில் தும்மல் தொடங்கியது. இப்போது நான்கு கோழிகளுக்கு மூக்கில் சளி, இரவில் கர்கர் சத்தம். ஒரு பெட்டைக்கு ஒரு பக்க முகம் வீங்கிக் கண் மூடிக்கொண்டது. கடையில் கொடுத்த என்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தண்ணீரில் கலந்து மூன்று நாள் வைத்தும் பெரிய மாற்றமில்லை. அடுத்து எந்த மருந்து கொடுக்கலாம் என்று கேட்கிறீர்கள்.

மருந்துக்கு வருகிறேன். அதற்கு முன்னால், இன்று மாலையே சத்தம் வரும் கோழிகளையும் அந்தச் சேவலையும் தனியே அடைத்துவிடுங்கள். சேவல் பார்க்க நன்றாக இருந்தாலும் அதுவும் தனியேதான். தண்ணீர்ச் சட்டி கட்டாயம் வேறாக இருக்க வேண்டும், ஏனென்றால் மூக்கொழுகும் கோழி தண்ணீர் குடிக்கும்போது சளியைச் சட்டியிலேயே விட்டுவிட்டுப் போகும். அடுத்து வந்து குடிக்கிற கோழிக்கு அது போதும். தீனி வைக்கும்போது நல்ல கோழிகளை முதலில் பாருங்கள், நோய்க்கோழிகளிடம் கடைசியில் போங்கள், கையையும் செருப்பையும் கழுவிவிட்டு வாருங்கள்.

மருந்தை ஏன் தள்ளிப் போடச் சொல்கிறேன் என்றால், வாயைத் திறந்து மூச்சு வாங்குவது ஒரு நோய் கிடையாது. வைரஸ், பாக்டீரியா, பூஞ்சை, புழு, வெயில், கூட்டின் நாற்றம் என எதனாலும் அது வரும். ஆன்டிபயாடிக் இதில் ஒரு பங்கைத்தான் தொடும். மற்றதற்கெல்லாம் காசும் போகும், கோழியும் போகும்.

கோழிக்கு நமக்கிருப்பது போல உதரவிதானம் இல்லை. நுரையீரல் விரிந்து சுருங்காமல் முதுகோடு ஒட்டிக் கிடக்கும். அதோடு இணைந்த ஒன்பது காற்றுப்பைகள்தாம் கொல்லன் துருத்தி மாதிரி காற்றை இழுத்துத் தள்ளுகின்றன. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் இது நடக்கும். அதனால் மூச்சுத் திணறும் கோழியை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்தால் கையிலேயே செத்துவிடும். குழந்தைகளிடம் பிடிக்கக் கொடுக்காதீர்கள். இந்தக் காற்றுப்பைகள் வயிறு வரைக்கும், சில எலும்புகளுக்குள்ளும் போவதால், உள்ளே இறங்கிய நோய் அவ்வளவு சுலபத்தில் வெளியேறாது. மார்பில் சளி கட்டிய கோழி மாதக்கணக்கில் கரகரப்பது இதனால்தான்.

சரி, சோதிக்க நல்ல நேரம் எது? இரவு. கோழிகள் அடைந்து ஒரு மணி நேரம் கழித்து, விளக்குப் போடாமல் கூட்டுப் பக்கம் போய் நின்று கேளுங்கள். பகலில் கொத்தலும் கிளறலும் மறைத்த சத்தம் அப்போது தனியாகக் கேட்கும். எத்தனை கோழியிடமிருந்து வருகிறது, ஈரமான கரகரப்பா, வெறும் தும்மலா, தண்ணீர் கொப்பளிப்பது மாதிரியா என்று கவனியுங்கள். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். மூக்குத் துவாரத்துக்குச் சற்று மேலே விரலால் மெதுவாக அழுத்தினால் சளி எட்டிப் பார்க்கும். அது தண்ணீராக இருக்கிறதா, கெட்டியாகவா? முகர்ந்து பாருங்கள், கூச்சப்படாதீர்கள். கண்ணின் ஓரத்தில் சோப்பு நுரை மாதிரி குமிழ் இருக்கிறதா பாருங்கள். இறக்கையின் தோள்பட்டைப் பக்கச் சிறகுகளையும் பார்க்க வேண்டும். மூக்கொழுகும் கோழி தலையைத் திருப்பி அங்கேதான் துடைத்துக்கொள்ளும். அந்த இடத்தில் சிறகு அழுக்கேறிப் பிசுக்காக ஒட்டிக் கிடந்தால், நீங்கள் கவனிப்பதற்குப் பல நாள் முன்பே சளி பிடித்திருக்கிறது என்று பொருள்.

வாயையும் திறந்து பாருங்கள். மேலண்ணத்தில் நீளமாக ஒரு பிளவு இருக்கும், அது இயற்கை. அதில் சளி தேங்கியிருக்கிறதா, நாக்கின் வேர்ப்பக்கம் இருக்கும் மூச்சுக்குழாய்த் துவாரம் திறந்து மூடும்போது ஏதாவது அடைத்திருக்கிறதா என்பதுதான் முக்கியம். கடைசியாக இரைப்பையைத் தடவுங்கள், எச்சத்தின் நிறத்தைப் பாருங்கள்.

முதலில் தள்ள வேண்டிய சந்தேகம் வெள்ளைக்கழிச்சல். ராணிக்கெட் நோய் என்பதும் இதுதான், இன்றைய உத்தராகண்டில் இருக்கும் ராணிகேத் என்ற மலையூரின் பெயர். நம் ஊர்க் கொல்லைகளைக் காலி செய்வது பெரும்பாலும் இதுதான். பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், தலையைத் தொங்கப்போட்டுத் தூங்கி விழுதல், கழுத்தை நீட்டி வாயைத் திறந்து மூச்சிழுத்தல் என்று ஆரம்பிக்கும். இரண்டு மூன்று நாளில் வரிசையாகச் சாகும். பிழைத்ததில் சில கோழிகளுக்குக் கழுத்து முறுக்கிக்கொள்ளும், கால் இழுத்துக்கொள்ளும். உங்கள் கோழிகளில் சாவு இல்லை, கழிச்சலும் சொல்லவில்லை. அதனால் இது வெள்ளைக்கழிச்சலாக இருக்க வாய்ப்புக் குறைவு. தடுப்பூசி போட்ட கோழிகளில் மட்டும் இந்த நோய் லேசான சளியாக வந்து ஏமாற்றுவதுண்டு. இன்னொரு விஷயமும் கேட்டுக்கொள்ள வேண்டும்: சமீபத்தில் வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்தான லசோட்டா சொட்டு விட்டீர்களா? அது உயிருள்ள வைரஸ் என்பதால், விட்ட சில நாளில் லேசாகத் தும்மல் வந்து தானே அடங்கும். அதற்கு மருந்து தேவையில்லை.

பறவைக்காய்ச்சலையும் ஒரு நிமிடம் யோசித்துவிடுங்கள். இந்தியாவில் அது 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது, அதன்பின் பல மாநிலங்களில் வந்து போயிருக்கிறது. ஒரே நாளில் பல கோழிகள் திடீரென்று சாவது, கொண்டையும் தாடியும் நீலம் பாய்ந்து கறுப்பது, தலை முழுக்க வீங்குவது, காலில் இரத்தத் திட்டு. இப்படி இருந்தால் எதையும் தொடாதீர்கள், அறுக்காதீர்கள், உடனே கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள். ஒரு பெட்டையின் ஒரு பக்க முகம் மட்டும் வீங்குவது இந்த வகையில் சேராது.

உங்கள் விவரங்கள் கொரைசா என்ற பாக்டீரியா சளிநோயின் பக்கம்தான் கை காட்டுகின்றன. புதுக்கோழி வந்தது, சில நாளிலேயே பரவியது, மூக்கொழுகல், கண்ணுக்குக் கீழே ஒரு பக்க வீக்கம் எல்லாம் பொருந்துகிறது. மூக்குச் சளியில் அழுகிய நாற்றம் அடித்தால் அநேகமாக உறுதி செய்துகொள்ளலாம். அந்த நாற்றம் ஒருமுறை மூக்கில் ஏறினால் மறக்காது. தொற்றி ஒன்று முதல் மூன்று நாளில் வெளியே தெரியும், அதனால் கூட்டத்தில் வேகமாகப் பரவும், ஆனால் தனியாக வந்தால் சாவு குறைவு. இரவுக் கரகரப்பு இன்னொன்றையும் சொல்கிறது. அது மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவால் வரும் நாள்பட்ட சுவாச நோய், கோழி வளர்ப்பவர்கள் சி.ஆர்.டி என்பார்கள். கண்ணோரத்து நுரை இதன் அடையாளம். நாற்றம் இருக்காது, மெதுவாகப் பரவும், முட்டை வழியாகக் குஞ்சுக்கும் போகும். கொரைசாவும் இதுவும் ஜோடி சேர்ந்து வருவது சகஜம். அப்படிச் சேரும்போதுதான் வாரக்கணக்கில் இழுக்கும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன், உங்கள் கூட்டத்தில் இவை இல்லை என்று உறுதி செய்துகொள்ளத்தான். வாய்க்குள் மஞ்சளாகப் பாலாடைக்கட்டி போல் ஒட்டியிருந்து, எடுத்தால் இரத்தம் வந்தால் அது ஈர அம்மை. கொண்டையிலும் முகத்திலும் கொப்புளம் வரும் அதே கோழியம்மைதான், வாய்க்குள் வந்தால் மூச்சுக்குழாயை அடைத்துக் கொல்லும். கொசுவும் பரப்பும் என்பதால் மழைக்குப் பின் பார்க்கலாம். வாயில் வெள்ளைக் கொப்புளங்கள் தெரிந்து, சுரண்டினாலும் இரத்தம் வராவிட்டால் வைட்டமின் ஏ குறைவைச் சந்தேகிக்கலாம். கொல்லையில் மேயவிடாமல் அடைத்து வைத்து, குருணையும் மிச்சச் சோறும் மட்டும் போடும் வீடுகளில் இது வரும், முருங்கைக்கீரையை நறுக்கிப் போட்டாலே பாதி சரியாகும். முட்டைக்கோழிகளில் தும்மலோடு முட்டை ஓடு சுருங்கிக் கோணலாகி, வெள்ளைக்கரு தண்ணீராக ஓடினால் தொற்று மூச்சுக்குழல் அழற்சி என்ற வைரஸ் நோய். கழுத்தை நீட்டி இழுத்து, இருமலில் இரத்தம் தெறித்தால் ஐ.எல்.டி என்ற இன்னொரு வைரஸ்.

குஞ்சுகள் சத்தமே இல்லாமல் வாயைப் பிளந்து மூச்சு வாங்கினால் பூஞ்சையை நினையுங்கள். மழையில் நனைந்து பூசணம் பிடித்த உமியோ கடலைத்தொலியோ வைக்கோலோ அடியில் போட்டிருப்பார்கள். அதற்குப் பயனுள்ள மருந்து கிடையாது. கூளத்தை மாற்றினால் மிச்சக் குஞ்சுகள் தப்பும். மண்புழு, நத்தை தின்னும் இளங்கோழிகள் தலையை உதறி உதறி வாயைத் திறந்தால் மூச்சுக்குழல் புழுவாக இருக்கலாம். செத்த கோழியின் மூச்சுக்குழாயைப் பிளந்தால் சிவப்பாக, ஆணும் பெண்ணும் ஒட்டியே இருப்பதால் ஆங்கில ஒய் எழுத்து வடிவில் கிடக்கும். ஃபென்பெண்டசோல் என்ற புழு மருந்து வேலை செய்யும், எடைக்கேற்ற அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கத்திரி வெயிலில் நடுப்பகலில் மட்டும் எல்லாக் கோழியும் இறக்கையை அகட்டி இரைத்தால் அது வெறும் சூடு. கோழிக்கு வியர்வை கிடையாது, வாயால்தான் சூட்டை வெளியேற்றும். நிழல், குளிர்ந்த தண்ணீர், போதும்.

இப்போது மருந்து. என்ரோஃப்ளாக்சசின் ஏன் கேட்கவில்லை என்பதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். மூன்று நாள் என்பது குறைவு, பொதுவாக ஐந்து நாள் கொடுப்பார்கள். நோய்க்கோழி தண்ணீர் குறைவாகக் குடிக்கும், அதனால் மருந்து தேவைப்படுகிற கோழிக்குள்தான் மருந்து குறைவாகப் போகிறது. ஆழ்துளைக் கிணற்றுக் கடினநீரில் இருக்கும் கால்சியம் இந்த மருந்தையும், டாக்சிசைக்ளின், ஆக்ஸிடெட்ராசைக்ளின் வகைகளையும் பிடித்துக்கொள்ளும். முட்டைக்கோழிக்கு வைக்கும் கிளிஞ்சல் துண்டும் அப்படியே. மருந்து கொடுக்கிற நாட்களில் மழைத்தண்ணீரைப் பயன்படுத்துங்கள், கிளிஞ்சலை எடுத்துவிடுங்கள். கலக்கிய மருந்தைத் தினமும் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள்.

இவை எல்லாவற்றையும் விட, வீங்கிய முகத்துக்குள் இருக்கும் சீழ்தான் பெரிய சிக்கல். கோழியின் சீழ் நம்முடையது போல ஒழுகாது, கட்டியாக இறுகிவிடும். அதற்குள் இரத்தம் போவதில்லை, ஆகவே மருந்தும் போவதில்லை. மிதமான வெந்நீரில் உப்புக் கரைத்துப் பஞ்சால் கண்ணையும் மூக்கையும் நாளுக்கு இரண்டு மூன்று வேளை ஒத்தடம் கொடுத்துத் துடைத்தால், கண்ணிமைக்குள் இருக்கும் மஞ்சள் கட்டி தானே வெளியே நழுவும். பிதுக்க வேண்டாம். வீக்கம் கல்லாக இறுகியிருந்தால் மருத்துவர் கீறித்தான் எடுக்க வேண்டும், வீட்டில் பிளேடு எடுக்காதீர்கள்.

கொரைசாவுக்கு சல்ஃபா, டிரைமெத்தோபிரிம் சேர்ந்த மருந்து நல்லது. மைக்கோபிளாஸ்மாவுக்கு டைலோசின் அல்லது டாக்சிசைக்ளின். டைலோசின் டார்ட்ரேட் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு அரை கிராம் என்ற கணக்கில் கொடுப்பார்கள், ஆனால் கடையில் கிடைக்கும் பொடிகளில் மருந்தின் அளவு ஆளுக்கொரு மாதிரி இருப்பதால் பாக்கெட்டைப் பார்க்காமல் கலக்க வேண்டாம். சிலர் வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்ஸிசிலின் கேப்ஸ்யூலைப் பிரித்துப் போடுகிறார்கள். அது பாக்டீரியாவின் செல்சுவரை உடைத்து வேலை செய்யும் மருந்து, மைக்கோபிளாஸ்மாவுக்கோ செல்சுவரே கிடையாது. தொண்டை வரை ஊற்றினாலும் பயனில்லை. இரண்டு நோயும் இருக்கலாம் என்பதால் எது என்று ஒரு மருத்துவர் பார்த்துத் தீர்மானிப்பது நல்லது. 1962 என்ற எண்ணை அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியைக் கேட்கலாம்.

மருந்து நடக்கும் நாட்களிலும், முடிந்தபின் பாக்கெட்டில் போட்டிருக்கும் நாட்கள் வரையிலும் முட்டையைச் சாப்பிடவோ விற்கவோ கூடாது. இதைச் சொன்னால் பலர் சிரிக்கிறார்கள். என்ரோஃப்ளாக்சசினைக் கோழிகளுக்குக் கொடுப்பதை அமெரிக்கா 2005-இலேயே நிறுத்திவிட்டது, மனிதரைத் தாக்கும் கிருமிகள் அந்த வகை மருந்துக்குப் பழகிக்கொண்டதுதான் காரணம். இந்தியாவும் 2019-இல் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கால்நடைகளுக்குத் தடை செய்தது. நம் கொல்லைக் கோழிக்கும் நம் குழந்தைக்கும் கடையில் ஒரே மருந்துக் குடும்பம்தான் இருக்கிறது.

பராமரிப்பு பாதி வைத்தியம். காற்று நேரடியாக அடிக்காத, ஆனால் மூச்சு முட்டாத இடத்தில் வையுங்கள். கண் மூடிய கோழிக்குத் தீனி தெரியாது, பட்டினியாலேயே செத்துவிடும். ஊறவைத்த தவிடு, மசித்த முட்டை மாதிரி மிருதுவாக மூக்கருகே வையுங்கள். தானாகக் குடிக்காத கோழிக்கு வாயில் தண்ணீரை ஊற்றாதீர்கள், நாக்கின் வேர்ப்பக்கமே மூச்சுத் துவாரம் இருப்பதால் ஊற்றுவது நுரையீரலுக்குப் போகும். நல்லெண்ணெய் ஊற்றுவதும் அப்படித்தான் ஆபத்து. அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டால் கோழி தானே விழுங்கும்.

நாட்டு மருந்தை நான் மறுக்கவில்லை. துளசி, தூதுவளை, கற்பூரவல்லி, சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு, சீரகம், மஞ்சள் என்று அரைத்துத் தீனியில் கலந்து கொடுக்கிறார்கள். லேசான சளிக்குத் தாராளமாகக் கொடுங்கள், தீனி எடுக்கவும் தூண்டும். முகம் வீங்கிய கோழிக்கு அது மட்டும் போதும் என்று காத்திருக்க வேண்டாம்.

கூட்டையும் பார்க்க வேண்டும். காலையில் கதவைத் திறந்ததும் கண் எரிந்தால் உள்ளே அமோனியா அதிகம். அது காற்றில் பத்து லட்சத்தில் 25 பங்கை (25 பி.பி.எம்) தாண்டினாலே கோழியின் மூச்சுக்குழாயில் அழுக்கை வெளித்தள்ளும் நுண்மயிர்கள் கெடும், பிறகு எந்தக் கிருமிக்கும் கதவு திறந்த மாதிரிதான். மழைக்காலத்திலும் மார்கழியிலும் குளிருக்குப் பயந்து சாக்கும் தார்ப்பாயும் கட்டி முழுக்க மூடிவிடுகிறோம். கோழி உட்காரும் உயரத்தில் மறைத்து, அதன் தலைக்கு மேலே ஒரு முழம் திறந்து விடுங்கள். ஈரக் கூளத்தை வாரிவிட்டு உலர்ந்த உமி போடுங்கள்.

நாளைக்கே ஏதாவது ஒன்று செத்தால், புதைக்கும் முன் அதை ஒரு பாலிதீன் பையில் கட்டி ஐஸ் வைத்து எடுத்துப் போங்கள், உறைய வைக்க வேண்டாம். மாவட்டத்தில் இருக்கும் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவிலோ, பக்கத்தில் இருந்தால் நாமக்கல் போன்ற கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ பிணப்பரிசோதனை செய்துகொள்ளலாம். பத்துக் கோழிக்கு மருந்து வாங்குவதைவிட ஒரு செத்த கோழியை அறுத்துப் பார்ப்பது மலிவு.

இந்த அலை ஓய்ந்ததும் தடுப்பூசிக் கணக்கைச் சரி செய்யுங்கள். வெள்ளைக்கழிச்சலுக்குக் குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ எஃப்1 அல்லது லசோட்டா சொட்டு, நான்காம் வாரம் மறுபடி லசோட்டா, எட்டாம் வாரம் இறக்கையில் ஆர்2பி ஊசி. சின்னக் குஞ்சுக்கு ஆர்2பி போடக் கூடாது, அது வீரியமான மருந்து. ஆண்டுதோறும் பிப்ரவரியில் தமிழகக் கால்நடைத்துறை இரு வாரக் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது, இலவசம். தடுப்பூசியை ஐஸில் வைத்தே கொண்டுவர வேண்டும், கலக்கியபின் இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். இப்போது சளியோடு இருக்கும் கோழிகளுக்கு எதையும் போடாதீர்கள்.

கடைசியாக அந்தச் சேவல். கொரைசாவிலும் மைக்கோபிளாஸ்மாவிலும் குணமான கோழி கிருமியைச் சுமந்துகொண்டே இருக்கும், பார்க்க ஒன்றும் தெரியாது. மருந்து சத்தத்தை நிறுத்தும், கிருமியைத் துடைத்து எடுக்காது. இப்போதுள்ள கூட்டத்தை ஒரு மூடிய கூட்டமாக வைத்துக்கொள்ளுங்கள், புதிதாக எதையும் சேர்க்காமல், இவற்றில் எதையும் உயிரோடு விற்காமல். சந்தைக்குக் கொண்டுபோய்த் தள்ளிவிடலாம் என்ற யோசனை வேண்டாம், உங்களிடம் இது வந்ததும் அநேகமாக யாரோ அப்படித் தள்ளிவிட்டதால்தான். புதுத் தொடக்கம் வேண்டும் என்றால், இந்தக் கோழிகள் எல்லாம் கறிக்குப் போனபின் (மருந்து நாட்கள் தாண்டியபின்) கூட்டைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்து, ஒரு மாதம் காலியாக வெயிலில் விடுங்கள். பிறகு வாங்கும் கோழியை மூன்று வாரமாவது தனியே வைத்து, இரவில் ஒரு தடவை போய்க் கேட்டுவிட்டு உள்ளே விடுங்கள்.